பட்டாளத்தான் வீடு: ஒரு குடும்பக் கதையை வரலாறாக வாசித்தல்



நினைவுச் சொற்பொழிவு என்றால் ஒரு தலைவரைப் பற்றியோ, ஓர் இயக்கத்தைப் பற்றியோ, ஒரு கோட்பாட்டைப் பற்றியோ பேசுவதுதான் வழக்கம். நான் இன்று எங்கள் வீட்டுக் கதை ஒன்றைப் பற்றிப் பேசப்போகிறேன். வீட்டுக் கதையை மேடையேற்றுவதில் எனக்குத் தயக்கம் இருந்தது. ஆனால் உங்களில் பலருடைய வீட்டிலும் இதே கதை இருக்கும். ‘எங்க தாத்தா மிலிட்டரியில இருந்தவரு’, ‘எங்க பூட்டன் வெள்ளைக்காரன் பட்டாளத்துல இருந்தவரு’ என்று யாராவது ஒருவர் சொல்லியிருப்பார்கள். அது உண்மையா? உண்மை என்றால் எந்தப் பட்டாளம், என்ன வேலை, எந்த ஆண்டு? இந்தக் கேள்விகளை நாம் பெரும்பாலும் கேட்பதில்லை. கேட்டால் கதை உடைந்துவிடுமோ என்ற பயம் நமக்கு உண்டு. நான் கேட்டேன். கதையின் ஒரு பகுதி உடைந்தது. உடைந்த இடத்தில் கிடைத்ததைத்தான் உங்கள் முன் வைக்கிறேன்.

குடியாத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு சேரி எங்களுடையது. ஊரிலும் சேரியிலும் எங்கள் வீட்டைப் ‘பட்டாளத்தான் வீடு’ என்பார்கள். என் தாத்தாவின் அப்பா முதல் உலகப் போருக்குப் போய்வந்தவர் என்பது கதை. அவர் பெயரை இந்த உரையில் நான் சொல்லப்போவதில்லை. வீட்டில் ஒரு பெயர், ஊர்க் கணக்கில் ஒரு பெயர், கோயிலில் கூப்பிட்ட பெயர் ஒன்று என்று அவருக்கு மூன்று பெயர்கள் இருந்தன. படையில் சேர்ந்தபோது எழுத்தர் இதில் எதை எழுதிக்கொண்டார், எப்படி எழுதிக்கொண்டார் என்பது தெரியாது. அதனால் இங்கே அவரைப் பட்டாளத்துத் தாத்தா என்றே சொல்கிறேன்.

இந்தக் கதை எங்களுக்குச் சும்மா ஒரு கதையாக இருந்ததில்லை. என் தாத்தாவை ஊர்த் தெருவில் ஒருவர் ‘டேய்’ போட்டுக் கூப்பிட்டபோது, ‘நான் பட்டாளத்தான் மவன்’ என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னாராம். என் அப்பா பள்ளிக்கூடத்தில் சாதி சொல்லி அடிக்கப்பட்ட நாளில், அழுத பிள்ளையைத் தேற்ற இந்தக் கதையைத்தான் வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். துப்பாக்கி பிடித்துத் துருக்கிக்காரனைச் சுட்டவருடைய பேரன் நீ என்று. எங்கள் அக்கா கல்யாணப் பத்திரிகையில் ‘பட்டாளத்தார் குடும்பம்’ என்றே அச்சடித்தோம். நிலமும் பணமும் இல்லாத ஒரு குடும்பம் நிமிர்ந்து நிற்பதற்கு இருந்த ஒரே ஊன்றுகோல் அது. அதில் கைவைப்பது எளிய காரியம் அல்ல.

முதலில், இப்படி ஒரு கதை ஏன் நம் சேரிகளில் இவ்வளவு பரவலாக இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். அதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் பறையர்கள் சேர்க்கப்பட்டார்கள். 1780-இல் இரண்டு கம்பெனிகளாகத் தொடங்கிய மதராஸ் பயனியர்கள்தான் பிற்காலத்தில் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் சாப்பர்ஸ் ஆனார்கள். பாலம் கட்டுவது, பாதை போடுவது, கோட்டைச் சுவரைத் தகர்ப்பது அவர்கள் வேலை. ‘தம்பி’ என்று படை முழுக்க அவர்களைக் கூப்பிட்டார்கள். அந்தத் தம்பிகளில் நம்மவர்கள் பலர்.

1857-க்குப் பிறகு நிலைமை மாறியது. வடக்கே இருப்பவர்கள்தான் வீர இனத்தார், தெற்கே இருப்பவர்கள் போருக்கு லாயக்கற்றவர்கள் என்ற கருத்து பிரிட்டிஷ் இராணுவத்தில் வலுப்பெற்றது. 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்கும் பிறகு 1893 வரை இந்தியப் படை முழுவதற்கும் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ் இந்தக் கருத்தை உறுதியாகப் பிடித்துக்கொண்டிருந்தார். சென்னைக் காலாட்படைப் பிரிவுகள் ஒவ்வொன்றாகக் குறைக்கப்பட்டன. பயனியர் பிரிவுகளில் பறையர்களுக்கு இடம் மிஞ்சியது. அவையும் 1933-இல் கலைக்கப்பட்டன.

மகாராஷ்டிரத்தில் மகர்களுக்கும் இதேதான் நடந்தது. அண்ணல் அம்பேத்கர் 1891-இல் பிறந்தது மஹூ படைத்தளத்தில். அவருடைய தந்தை ராம்ஜி சக்பால் சுபேதார். இராணுவப் பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்தவர். அதையடுத்த சில ஆண்டுகளிலேயே படையின் கதவுகள் மகர்களுக்கு மூடப்பட்டன. கோபால் பாபா வலங்கர் மனு எழுதினார். 1910-இல் சிவ்ராம் ஜான்பா காம்ப்ளே மனு அனுப்பினார். போர் நெருக்கடியில் 1917-இல் ஒரு மகர் படைப்பிரிவை உருவாக்கி, 1921-இல் கலைத்தும் விட்டார்கள். ஆள் தேவைப்படும்போது கூப்பிட்டார்கள், தேவை முடிந்ததும் சாதியைக் காட்டி அனுப்பினார்கள். 1941-இல்தான் மகர் ரெஜிமென்ட் உருவானது.

படைவேலை நமக்கு ஏன் அவ்வளவு முக்கியமாக இருந்தது? மாதம் பிறந்தால் பணமாகக் கையில் வரும் சம்பளம், சீருடை, காலில் பூட்ஸ், பிள்ளைகளுக்குப் படிப்பு. பண்ணையாள் வேலையில் இவற்றில் எதுவுமே கிடையாது. தீண்டப்படாதோர் கல்வி பெற்றதற்குப் படை ஒரு வாசலாக இருந்தது என்பதை அம்பேத்கரே எழுதியிருக்கிறார். ஆகவே ‘பட்டாளம்’ என்பது நம் நினைவில் ஒரு தொழிலின் பெயராக மட்டும் இல்லை. சாதிக்கு வெளியே போய் வந்ததற்கான அத்தாட்சியாகவும் இருக்கிறது.

இதையெல்லாம் நான் படித்தது பிற்பாடு. 2003-இல் சமூகவியல் முதுகலை மாணவனாக இருந்தபோது, வாழ்க்கை வரலாற்று நேர்காணல் ஒன்றைப் பதிவுசெய்து வரச் சொன்னார்கள். நான் யாரையும் தேடிப் போகவில்லை. பட்டாளத்துத் தாத்தாவின் மகள், அதாவது என் தாத்தாவின் தங்கை, எங்கள் வீட்டிலேயே இருந்தார். நாங்கள் சின்னாயா என்போம். ஒரு டேப் ரெக்கார்டரை வைத்து தொண்ணூறு நிமிடக் கேசட் ஒன்றின் இரண்டு பக்கமும் அவரைப் பேசவைத்தேன். மதிப்பெண் வாங்கினேன், கேசட்டைப் பெட்டியில் போட்டேன். மூன்று ஆண்டுகளில் சின்னாயா போய்ச் சேர்ந்தார்.

பல ஆண்டுகள் கழித்துத்தான் தேட ஆரம்பித்தேன். தொடக்கத்திலேயே ஒரு தவறு செய்தேன். அவர் சாப்பர்ஸில்தான் இருந்திருப்பார் என்று முடிவு கட்டிக்கொண்டு தேடினேன். வேலூர்ப் பக்கம், பறையர், முதல் உலகப் போர் என்றால் பெங்களூர் சாப்பர்ஸ்தான் என்று மனம் தானாகவே போய்விட்டது. பட்டியல்களைப் பார்த்தேன். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பெயர்த் தொகுப்பில் தேடினேன். அது இறந்தவர்களுக்கான தொகுப்பு. திரும்பி வந்தவர் அதில் இருக்க மாட்டார் என்ற எளிய உண்மைகூட எனக்கு அப்போது உறைக்கவில்லை. பஞ்சாபிலிருந்து போன சுமார் 3,20,000 பேரின் விவரங்கள் கொண்ட பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்து, 2021-இல் இணையத்தில் ஏற்றப்பட்டன. ஊர் பெயரைத் தட்டினால் கொள்ளுத்தாத்தா வந்து நிற்கிறார். நமக்கு அப்படி ஒரு வாசல் திறக்கப்படவில்லை.

வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. இங்கிருந்து 277 பேர் பெரும்போருக்குப் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்கிறது. பெயர் ஒன்றுகூட இல்லை. அதன் கீழே பூக்கடைச் சத்தத்துக்கும் ஆட்டோச் சத்தத்துக்கும் நடுவில் நின்றிருக்கிறேன். எண்ணிக்கையில் சொந்தக்காரரைத் தேட முடியாது.

வேறு வழியில்லாமல் கேசட்டுக்குத் திரும்பினேன். இந்த முறை மகனாகவோ பேரனாகவோ கேட்காமல், சாட்சியத்தை வாசிப்பவனாகக் கேட்டேன். ஒவ்வொரு வாக்கியத்தையும் எழுதி எடுத்தேன். எழுதி முடித்தபோது என்னை உலுக்கிய விஷயம், அந்தத் தொண்ணூறு நிமிடத்திலும் துப்பாக்கி என்ற சொல் ஒருமுறைகூட இல்லை. நானே இடையில் ‘யாரையாவது சுட்டாரா ஆயா?’ என்று கேட்கிறேன். அவர் அதற்குப் பதில் சொல்லாமல் வேறு பேச்சுக்குப் போகிறார். துப்பாக்கியை அவர் கையில் கொடுத்தவர்கள் நாங்கள்: என் தாத்தா, என் அப்பா, கடைசியில் நான்.

சின்னாயா சொன்னது வேறு. அவர் சொன்னபடியே தருகிறேன்: ‘எங்க நைனா பசரான்னு ஒரு ஊருக்குக் கப்பல்ல போனாரு. அங்க எங்க பாத்தாலும் பேரீச்ச மரம்தானாம். வெயிலுன்னா அப்பேர்ப்பட்ட வெயிலு. ஆத்துலயே கப்பல் வந்து நிக்குமாம். மூட்டை எறக்கி எறக்கித் தோளு காய்ச்சிப் போச்சின்னு காட்டுவாரு. பல்லெல்லாம் ஆடிப் போச்சி. கடைசில அவுர மேட்டு ஆக்கிட்டாங்க.’

பசரா என்பது இன்றைய இராக்கின் பாஸ்ரா. அன்று மெசபடோமியப் போர்முனையின் நுழைவாயில். கடலிலிருந்து கப்பல்கள் ஷத்-அல்-அரபு ஆற்றின் வழியாக உள்ளே வந்து பாஸ்ராவில் நிற்கும். ஆற்றின் இருகரையிலும் பேரீச்சந்தோப்புகள். பல் ஆடியது காய்கறி இல்லாத உணவால் வரும் ஸ்கர்வி நோயாக இருக்கலாம். மெசபடோமியாவில் இந்தியர்களை அது கடுமையாகத் தாக்கியது. ‘மேட்டு’ என்பதை நாங்கள் தங்கவயலில் அவர் பார்த்த வேலை என்றே நினைத்திருந்தோம். போரிலிருந்து வந்தபின் கொஞ்ச காலம் மாரிக்குப்பத்தில் இருந்தார். ஆனால் சின்னாயா அதைப் பசராவோடு சேர்த்துத்தான் சொல்கிறார். போரில் கூலிப்படைகளில் ஆட்களைக் கூட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் மேற்பார்வையாளராக நியமிக்கப்பட்டவரையும் ‘மேட்’ என்றுதான் சொன்னார்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியமான தடயம் மெடல். வீட்டில் ஒரு மெடல் இருந்தது. சின்னாயா அதை நன்றாக நினைவில் வைத்திருந்தார்: ‘ஒரு பக்கம் ராசா தலை. இன்னொரு பக்கம் குதிரை மேல ஒரு ஆளு, ஒடம்புல துணியே இல்ல. குதிரைக் காலடியில மண்டை ஓடு. அதப் பாத்தாலே நாங்க பயப்படுவோம்.’ அது ஒரு பஞ்ச காலத்தில் விற்கப்பட்டது. ‘வெள்ளின்னு நெனச்சி பத்தர் கடைக்கு எடுத்துகினு போனோம். கறுத்துக் கெடந்துச்சி. பத்தரு ஒரசிப் பாத்துட்டு, இது வெள்ளி இல்ல, செம்புன்னு தூக்கிப் போட்டாரு. வெள்ளைக்காரன் எங்க நைனாவ ஏமாத்திட்டான். அப்புறம் பேரீச்சம்பழக்காரன்கிட்ட போட்டுட்டோம்.’

பழைய ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம் தருபவரிடம் அந்த மெடல் போனது. அதன் விளிம்பில் அவருடைய எண்ணும் பெயரும் பிரிவும் பொறிக்கப்பட்டிருக்கும். வீட்டில் யாருக்கும் ஆங்கிலம் படிக்கத் தெரியாது. அவருடைய பெயரை அரசாங்கம் உலோகத்தில் எழுதிக் கொடுத்த ஒரே இடம் அது. ஒரு கை பேரீச்சம்பழத்துக்குப் போயிற்று.

சின்னாயா வர்ணித்தது 1914–1918 போருக்காக வழங்கப்பட்ட பிரிட்டிஷ் போர்ப் பதக்கத்தை. ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை. மறுபக்கம் ஆடையில்லாமல் குதிரைமேல் வரும் புனித ஜார்ஜ், குதிரையின் காலடியில் எதிரியின் கேடயமும் மண்டையோடும். அறுபது லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு இந்தப் பதக்கம் வழங்கப்பட்டது. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு வெள்ளியில் கொடுத்தார்கள். சுமார் 1,10,000 பேருக்கு மட்டும் வெண்கலத்தில் கொடுத்தார்கள். அந்த வெண்கலம் இந்திய, சீன, மால்டா உள்ளிட்ட கூலிப்படைகளில் வேலை செய்தவர்களுக்கானது. படம் ஒன்றுதான், போர் ஒன்றுதான், உலோகம் மட்டும் வேறு.

பத்தர் பொய் சொல்லவில்லை. வெள்ளைக்காரனும் அந்த அர்த்தத்தில் ஏமாற்றவில்லை. திட்டமிட்டே செம்பைக் கொடுத்திருக்கிறான். எங்கள் குடும்பம் அவமானமாக நினைத்து மெல்லிய குரலில் சொல்லிவந்த அந்தப் பத்தர் கடைக் கதைதான், அவர் போருக்குப் போனதற்கு எங்களிடம் உள்ள மிக வலுவான சான்று. அதே கதைதான் அவர் சிப்பாயாகப் போகவில்லை என்பதற்கும் சான்று.

இங்கே மாணவர்களுக்கு ஒரு செய்தி. சின்னாயா இதைச் சொன்ன 2003-இல் எனக்கு இந்தப் பதக்கத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. படம் காட்டி ‘இதுவா, இதுவா’ என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தச் சாட்சியத்துக்கு இவ்வளவு மதிப்பு இருந்திருக்காது. கேட்பவருக்குத் தெரியாததைச் சொல்பவர் சொல்லும்போதுதான் வாய்மொழி வரலாறு வலுப்பெறுகிறது.

இனி அந்தக் கூலிப்படையைப் பற்றி. முதல் உலகப் போருக்கு இந்தியாவிலிருந்து எடுக்கப்பட்டவர்கள் சுமார் 14 லட்சம் பேர். அவர்களில் ஐந்தரை லட்சம் பேருக்கு மேல் ஆயுதம் ஏந்தாதவர்கள். மிக அதிகமானோர் அனுப்பப்பட்டது மெசபடோமியாவுக்கு. அங்கே போனவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் இப்படிப்பட்டவர்கள். கப்பலிலிருந்து சரக்கு இறக்கியவர்கள், ரயில்பாதை போட்டவர்கள், வெள்ளத்தைத் தடுக்கக் கரை எழுப்பியவர்கள், கோவேறு கழுதை ஓட்டியவர்கள், காயம்பட்டவர்களைத் தூக்கியவர்கள், தண்ணீர் சுமந்தவர்கள், சமைத்தவர்கள், மலம் அள்ளியவர்கள். சென்னை மாகாணத்திலிருந்தும் ஆள் போனது. போதவில்லை என்று சிறைகளிலிருந்தும் ஆயிரக்கணக்கான கைதிகளைத் திரட்டி மெசபடோமியாவுக்கு அனுப்பினார்கள். ராதிகா சிங்கா 2020-இல் வெளியிட்ட, கூலிகளின் பெரும்போர் பற்றிய ஆங்கில நூல் இந்த வரலாற்றை விரிவாகச் சொல்கிறது. மாணவர்கள் தேடிப் படிக்க வேண்டும்.

இவர்களைப் படையின் மொழியில் ‘ஃபாலோயர்’ என்றார்கள். பின்தொடர்பவர் என்று பொருள். அதற்குள்ளும் அடுக்குகள் இருந்தன. ஸ்ட்ரெச்சர் தூக்குபவருக்கு ஓர் இடம், துப்புரவுத் தொழிலாளருக்கு வேறு இடம். ஊரில் எந்தச் சாதி எந்த வேலை செய்ததோ, அதே வேலைக்குத்தான் போரிலும் அந்தச் சாதியில் ஆள் தேடினார்கள். சம்பளம், உடுப்பு, உணவு, பென்ஷன், பதக்கம் எல்லாவற்றிலும் சிப்பாய்க்கு ஓர் அளவு, பின்தொடர்பவருக்கு ஓர் அளவு. காலரா மட்டும் பாகுபாடு பார்க்கவில்லை. 1917 மார்ச்சில் பாக்தாதைப் பிடித்த தளபதி மாட் அதே ஆண்டு நவம்பரில் அந்த நோயில்தான் செத்தார். கூலியும் அதே நோயில் செத்தார். தளபதிக்குச் சிலை வைத்தார்கள்.

பாஸ்ராவில் ஒரு நினைவிடம் இருக்கிறது. மெசபடோமியாவில் இறந்து, கல்லறை இன்னதென்று தெரியாமல் போன நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கானது. அதில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் பெயரோடு இருக்கிறார்கள். இந்திய அதிகாரிகளும் பெயரோடு இருக்கிறார்கள். சாதாரண இந்தியப் படையாட்கள் எண்ணிக்கையாக இருக்கிறார்கள்: இன்ன பிரிவு, மேலும் இத்தனை பேர். போர்க் கல்லறை ஆணையம் 2021-இல் வெளியிட்ட அறிக்கையில் இந்தப் பாகுபாட்டை ஒப்புக்கொண்டது. முதல் உலகப் போரில் இறந்த இந்தியர், ஆப்பிரிக்கர் உள்ளிட்ட 45,000 முதல் 54,000 பேர் வரை சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டார்கள் என்றும், குறைந்தது 1,16,000 பேர் பெயரோடு நினைவுகூரப்படவில்லை, அல்லது எந்த வகையிலும் நினைவுகூரப்படவில்லை என்றும் அது சொல்கிறது.

இதையெல்லாம் தொகுத்துக்கொண்டு அப்பாவிடம் போனேன். பொறுமையாகக் கேட்டார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: ‘அப்ப அவுரு சிப்பாயி இல்லியா? மூட்டை தூக்கத்தான் போனாரா? அதுக்கு எதுக்குடா அவ்ளோ தூரம் போகணும், இங்கயே தூக்கியிருக்கலாமே?’ பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அப்பாவின் கோபத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. எனக்கும் அதே வலி இருந்தது. உண்மையைச் சொன்னால், வெண்கலப் பதக்கம் பற்றிப் படித்த இரவு, அதை யாரிடமும் சொல்லாமல் விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். கதை அழகாக இருந்தது. யாரும் சரிபார்க்கப் போவதில்லை. ஆனால் நம்முடைய வரலாற்றை மற்றவர்கள் திரித்தார்கள் என்று ஐம்பது மேடைகளில் பேசிவிட்டு, என் வீட்டு வரலாற்றை நானே திரித்தால் எனக்கு அந்த மேடைகளில் நிற்கத் தகுதி இல்லை.

அதற்கு மேல் ஒன்று இருக்கிறது. என் வலி எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். துப்பாக்கி தூக்கினால் வீரன், மூட்டை தூக்கினால் கூலி என்ற அளவுகோல் யாருடையது? அது சாம்ராஜ்யத்தின் அளவுகோல். வெள்ளிக்கும் வெண்கலத்துக்கும் நடுவே கோடு கிழித்தவர்களின் அளவுகோல். அதற்கும் முன்பிருந்து, வாளுக்கு ஒரு வருணம், தோளுக்கு ஒரு வருணம் என்று பிரித்தவர்களின் அளவுகோல். சாதியை எதிர்க்கும் நான், என் பூட்டனை அளக்கும்போது மட்டும் அந்த முழக்கோலையே எடுத்திருக்கிறேன்.

தவறாகப் புரிந்துகொள்ள வேண்டாம். கோரேகானில் 1818 ஜனவரி 1 அன்று போரிட்டவர்களின் பெயர்கள் தூணில் இருக்கின்றன. 1927-இல் அம்பேத்கர் அங்கே போய் நின்றார். உங்களுக்கு வீரமே கிடையாது என்று சொல்லிக் கதவடைத்தவர்களுக்குப் பதில் சொல்ல அந்தத் தூண் தேவைப்பட்டது. இன்றும் தேவைப்படுகிறது. அந்தப் பெருமையை நான் யாரிடமிருந்தும் பறிக்கவில்லை. ஆனால் அந்தத் தூணில் பெயர் வராதவர்கள் நம்மில் அதிகம். அவர்கள் போரில் இல்லாததால் வராமல் போகவில்லை. அவர்கள் செய்த வேலைக்குப் பெயர் பொறிக்கும் வழக்கம் இல்லாததால் வராமல் போனார்கள். அவர்கள் கையில் நாம் துப்பாக்கியைத் திணித்தால், அவர்கள் உண்மையில் செய்த வேலையை இரண்டாவது முறையாக அழிக்கிறோம். முதல் முறை ஆங்கிலேயன் அழித்தான். இரண்டாவது முறை அன்பினால் நாம் அழிக்கிறோம்.

அவர் ஏன் போனார் என்ற கேள்வியும் இருக்கிறது. அது ஒரு சாம்ராஜ்யம் தன் ஆதிக்கத்துக்காக நடத்திய போர். இராக்கியர்களின் மண்ணைப் பிடித்த போர். அதில் நம் ஆள் மூட்டை சுமந்ததைத் தியாகம் என்று நான் சொல்ல மாட்டேன். துரோகம் என்று சொல்பவர்களையும் ஏற்க மாட்டேன். பண்ணையாரிடம் பரம்பரைக் கடனில் கட்டுண்டு கிடந்த ஒரு இளைஞனுக்கு முன்பணமும் மாதச் சம்பளமும் தருகிறேன் என்று ஒருவர் வந்து சொன்னால், அவர் எந்தக் கொடியின் கீழ் வருகிறார் என்று பார்க்கும் வசதி அந்த இளைஞனுக்கு இல்லை.

இனி நிலத்தின் கதைக்கு வருகிறேன். சரிபார்த்தல் என்பது வெறும் அறிவுக் கடமை அல்ல என்பதை அதுதான் எனக்குக் கற்றுக்கொடுத்தது.

எங்கள் குடும்பத்துக்கு இரண்டு ஏக்கர் நிலம் இருந்தது. ‘பட்டாளத்து நெலம்’ என்பார்கள். போருக்குப் போனதற்காக வெள்ளைக்காரன் கொடுத்தது என்பது கதை. 1950-களில் ஒரு பஞ்சத்தில், சில மூட்டைக் கேழ்வரகுக் கடனுக்காக அது ஊர்க்காரர் ஒருவர் கைக்குப் போனது. ‘நம்ம தாத்தா சம்பாதிச்சது, நாமளே வித்துட்டோம், யாரக் கேக்கறது?’ என்று இரண்டு தலைமுறையாக விட்டுவிட்டோம்.

மெடல் விஷயத்தில் கதை தடுமாறியதும், நிலக் கதையையும் சரிபார்க்க வேண்டும் என்று தோன்றியது. கூலிப்படையில் இருந்தவருக்கு நிலம் கொடுத்திருப்பார்களா என்ற சந்தேகம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு, பழைய பதிவேடுகளின் நகல்களை வாங்கினேன். அந்தப் புல எண் டி.சி. நிலம் என்று பதிவாகியிருக்கிறது. டிப்ரஸ்டு கிளாஸ் நிபந்தனை நிலம். அதாவது பஞ்சமி நிலம். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891-இல் பறையர்களின் நிலை குறித்துக் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892 முதல் நமக்காக ஒதுக்கப்பட்ட நிலம். அதற்கும் பட்டாளத்துக்கும் சம்பந்தமே இல்லை.

இது என்ன மாற்றத்தைக் கொண்டுவந்தது என்று இங்கே இருக்கும் நில உரிமைத் தோழர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மாணவர்களுக்காகச் சொல்கிறேன். பஞ்சமி நிலத்தைக் கொடுத்தபோதே நிபந்தனையோடு கொடுத்தார்கள். பத்து ஆண்டுகளுக்கு யாருக்கும் விற்கக் கூடாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்குத்தான் விற்கலாம். மீறினால் அந்தக் கைமாற்றம் செல்லாது. அரசு நிலத்தை மீட்க வேண்டும். பட்டாளத்து நிலம் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தவரை, அது நாங்கள் விற்றுத் தின்ற சொத்து. பஞ்சமி நிலம் என்று தெரிந்த பிறகு, அது எங்களிடமிருந்து பறிக்கப்பட்ட உரிமை. எங்கள் பெருமைக் கதை எங்கள் உரிமையை எழுபது ஆண்டுகளாக மறைத்து வைத்திருந்தது. மீட்புக்கான மனுவைப் போட்டிருக்கிறோம். அந்த மனுவில் முதல் கையெழுத்து என் அப்பாவுடையது.

அதற்குப் பிறகு ஒருநாள் அப்பா அந்தக் கேசட்டைப் போடச் சொல்லிக் கேட்டார். தோள் காய்ச்சிப்போன கதை வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார். ‘அந்தக் காய்ப்ப நான் தொட்டுப் பாத்திருக்கேன்டா. சின்னப் பையன்ல என்னத் தூக்கிகினு போவாரு, கன்னத்துல உறுத்தும். நான் துப்பாக்கி வெச்ச தோளுன்னு நெனச்சிகினு இருந்தேன்’ என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

மாணவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள் சொல்லி முடிக்கிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு பட்டாளக் கதை இருந்தால், முதலில் அதை யாரும் திருத்தாமல், சொல்பவரின் மொழியிலேயே பதிவு செய்யுங்கள். இன்று எல்லோர் கையிலும் கைபேசி இருக்கிறது. சாவுக்குப் பிறகு தேடுவதை விட இப்போது பதிவு செய்வது எளிது. பெரும்பாலும் ஆண்கள் பெருமையைச் சொல்வார்கள். பெண்கள் பொருட்களைச் சொல்வார்கள். பொருட்களைக் கேளுங்கள். மெடல் என்ன நிறம், கோட்டு என்ன துணி, பெட்டி எப்படி இருந்தது, எதை எப்போது எங்கே விற்றார்கள் என்று கேளுங்கள். கதையில் வரும் புரியாத சொல்லைத் திருத்தாதீர்கள். பசரா, மேட்டு போன்ற சொற்கள்தான் பூட்டைத் திறக்கும் சாவி. அவமானமாகச் சொல்லப்படும் பகுதியைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். பெருமைக்காக மனிதர்கள் கதையைக் கூட்டிச் சொல்வார்கள். அவமானத்துக்காக யாரும் கூட்டிச் சொல்வதில்லை. கடைசியாக, கிடைத்ததை மூன்றாகப் பிரியுங்கள்: உறுதியானது, பெரும்பாலும் நடந்திருக்கக்கூடியது, நாம் ஆசைப்படுவது.

எங்கள் வீட்டுக் கணக்கு இதுதான். அந்தப் போருக்கான பதக்கம் எங்கள் வீட்டில் இருந்தது, அது செம்பு நிறத்தில் இருந்தது என்பது சின்னாயாவின் சாட்சியத்தால் உறுதி. அவர் பாஸ்ராவில் கூலிப்படையில் சரக்கு இறக்கி, ஒரு கூட்டத்துக்கு மேட்டாக உயர்ந்தார் என்பது பெரும்பாலும் நடந்திருக்கக்கூடியது. அவர் துப்பாக்கி பிடித்தார் என்பது நாங்கள் ஆசைப்பட்டது. மூன்றாவதை நாங்கள் எடுத்துவிட்டோம். வீட்டின் பெயரை மாற்றவில்லை. அது இன்றும் பட்டாளத்தான் வீடுதான். பட்டாளம் என்பதில் மூட்டை சுமந்தவரும் உண்டு என்பதைத்தான் இனி எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லப்போகிறோம்.